தொண்டை கட்டிய அம்பாசடர்

“அதெல்லாம் சரிம்மிணி, மெக்கானிக் எங்க?”

டாக்டர் அங்கிள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அப்போது நான் அவருடைய காரின் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தேன். கையில் மீட்டர் இருந்தது. சட்டையில் என் பெயர் தைத்திருந்தது. அப்படியும் அவர் கண் என்னைத் தாண்டிப் பட்டறையின் உட்புறத்தில் யாரையோ தேடியது.

“நான்தானுங்க அங்கிள்.”

“இல்ல, வண்டிய யாரு பாக்கறாங்கன்னு கேட்டேன்.”

“அதுவும் நான்தானுங்க.”

இந்த ஆண்டு கம்யூனிட்டி காலேஜில் ஆட்டோமோட்டிவ் படிப்பில் சேர்ந்திருக்கும் நம் பெண்கள் சிலர், கோயிலிலோ கடையிலோ என்னைப் பிடித்துக்கொண்டு, “எப்படிக்கா சமாளிச்சீங்க?” என்று கேட்கிறார்கள். இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அனுபவம் எழுத ஓய்வு பெற்றிருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஸ்பானர் பிடிப்பது, வயர் உரிப்பது, மீட்டர் படிப்பது எல்லாம் உங்களுக்கு வகுப்பில் வந்துவிடும். சுற்றிலும் பத்துப் பேர் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லும்போது எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பது வகுப்பில் வராது. எனக்கு அது வந்தது ஒரு பழைய காரின் ஹார்ன் வழியாக.

முதலில் என்னைப் பற்றி. எனக்குச் சங்ககிரி பக்கம். அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் ரிவிட் அடிப்பவர். அம்மா அதே பட்டறைக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டவர். இரண்டு பேருமே பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதலில் கல்லூரி போனவளும் நான்தான். எலெக்ட்ரிக்கல் படித்தேன். கல்யாணமாகி அமெரிக்காவில் டெக்சஸின் ரவுண்ட் ராக் வந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்ததும், எல்லாரும் கோடிங் கற்றுக்கொள்ளச் சொன்னபோது நான் கார் படிக்கப் போனேன். என் வீட்டுக்காரர் மட்டும்தான் ஏன் என்று கேட்கவில்லை. அவர் கேட்டது, “டிரெஸ்ஸ தனியா வாஷ் பண்ணணுமா?” என்பதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது பழைய கார்களை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறையில். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. ஆயில் மாற்றுவது, டயர் கழற்றுவது என்று ஒரு வருடம் ஓடியிருந்தது. எனக்கு வேண்டியது மூலையில் இருந்த எலெக்ட்ரிக்கல் பே, அதாவது வயரிங் வேலைக்கென்று ஒதுக்கிய தடுப்பு. நல்ல வெளிச்சம், தனி மேஜை, சுவர் நிறைய வயர். அங்கே வேலை பார்த்தவர் டாலஸுக்குக் குடிபோனதிலிருந்து அது காலியாகக் கிடந்தது. கேட்டுவிட்டேன். முதலாளி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் டாக்டர் அங்கிளின் அம்பாசடர் வந்து சேர்ந்தது.

டாக்டர் அங்கிள் பொள்ளாச்சிக்காரர். நெடுங்காலம் இங்கே ரவுண்ட் ராக் பக்கத்தில் பல் டாக்டராக இருந்தவர். ஆசைப்பட்டு இந்தியாவிலிருந்து கப்பலில் ஒரு வெள்ளை அம்பாசடரை வரவழைத்து, இங்கே ஒருவரிடம் கொடுத்து மொத்தமாகப் புதுப்பித்திருந்தார். பெயின்ட்டில் முகம் பார்க்கலாம். ஆனால் ஹார்ன் மட்டும் வேலை செய்யவில்லை. ரவுண்ட் ராக்கில் ஆண்டுதோறும் நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில் கேட்டிலேயே ஒவ்வொரு வண்டியையும் சோதிப்பார்கள்: பிரேக், விளக்கு, ஹார்ன். மூன்றும் இருந்தால்தான் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விடுவார்கள். போன வருடம் அம்பாசடர் கேட்டிலிருந்தே திரும்பிவிட்டது. இத்தனைக்கும் வேறு எங்கோ காட்டி ஒன்றுக்கு இரண்டு தடவை புது ஹார்ன் மாட்டியிருந்தார். இரண்டுமே கொஞ்ச நாள் அடித்துவிட்டு ஊமையாகிவிட்டன.

“இந்தத் தடவையும் திரும்பி வந்தா எங்க வீட்டுக்காரி வண்டியவே வித்துருவா” என்றார்.

ஊர்வலம் மறுநாள் காலை. முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார்.

“பிள்ளை, நீர் அந்த பேயைக் கேட்டனீர்தானே. இந்த வாகனம் நாளைக்கு அந்தக் கேட்டைத் தாண்டினா அது உமக்கு. தாண்டாட்டி திங்கக்கிழமையில இருந்து முன்னுக்குக் கவுண்டர்ல இரும். ஃபோன் எடுக்க ஆள் வேணும்.”

ஒரு ஹார்னில் என் வேலை தொங்கியது. எலெக்ட்ரிக்கல் படித்த ஒருத்தி, மிச்ச நாளெல்லாம் “ஹலோ, ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ” சொல்லிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஹார்னின் கதை சின்னது. ஸ்டியரிங் நடுவில் உள்ள பட்டனை அழுத்தினால் ரிலே என்ற சின்னப் பெட்டிக்குச் செய்தி போகும். ரிலே ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு ஹார்னுக்குக் கரண்டை அனுப்பும். ஹார்ன் அடித்த கரண்ட், வண்டியின் இரும்பு உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பிவிடும். இந்தத் திரும்பும் வழிக்குத்தான் எர்த் என்று பெயர். அவ்வளவுதான். போகும் வழி, வரும் வழி. எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நான் அழுத்தியபோது ரிலே ஒரு நேரம் டிக் என்றது, ஒரு நேரம் சும்மா இருந்தது. அதனால் பட்டனைக் கழற்றினேன். உள்ளே மஞ்சளும் சிவப்புமாக ஏதோ கெட்டியாக அப்பிக்கொண்டிருந்தது. பக்கத்து பேயில் வேலை செய்யும் ஹெக்டர் எட்டிப் பார்த்து, இது என்ன வகைத் துரு, இந்த நிறத்தில் பார்த்ததே இல்லையே என்றான்.

“துரு இல்ல ஹெக்டர். ஆயுத பூஜை.”

சந்தனமும் குங்குமமும். வருடா வருடம் ஸ்டியரிங் நடுவில் பொட்டு வைத்து, அது கரைந்து பட்டனின் இடுக்கு வழியாக இறங்கி, காய்ந்து, அதன்மேல் அடுத்த வருடத்துப் பொட்டு இறங்கி, ஒரு பூச்சு வேலையே நடந்திருந்தது. ஹெக்டருக்கு விளக்கிச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய அம்மா அவன் டிரக்கில் தீர்த்தம் தெளித்ததில் ரேடியோ போனதாம்.

சுத்தம் செய்து மாட்டி அழுத்தினேன். ஹார்ன் அடித்தது!

டாக்டர் அங்கிள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “அட! எத்தனை மாசமாச்சு இந்தச் சத்தத்தக் கேட்டு!” அவர் முகத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்த தெளிவு இருந்தது. முதலாளியும் கை துடைத்துக்கொண்டே வந்து தலையசைத்தார். “சரி, கொண்டு போகட்டும்.”

இந்த இடத்தைக் கவனியுங்கள், தங்கைகளே. வாடிக்கையாளர் சந்தோஷமாக இருக்கிறார். முதலாளி சரி என்றுவிட்டார். இந்த ஊரில் வேறு யாருக்குமே தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றைக் கண்டுபிடித்த பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஹார்ன் சத்தத்தில் வளர்ந்தவள். அப்பாவின் பட்டறையில் ஒவ்வொரு லாரியும் பூசணிக்காய் உடைத்து வெளியே போகும்போது ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போகும். நல்ல ஹார்ன் சட்டென்று ஆரம்பித்துச் சட்டென்று நிற்கும். இது தொண்டை கட்டியவர் கூப்பிடுவது போல இழுத்துக்கொண்டு வந்தது.

“இன்னும் முடியலீங்க” என்றேன்.

“அடிக்குதில்லம்மிணி?”

“அடிக்குதுங்க. ஆனா இது சந்தோசமா அடிக்கல.”

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். “பிள்ளை, அடிக்கிற ஹோர்னை ஏன் திரும்பக் கழட்டுறீர்? நாளைக்கு உமக்குத்தான் சோதினை. எனக்கில்லை.”

“அதனாலதான் சார் கழட்டுறேன்.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் பயந்தேன். ஆனால் அவர் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிப் போய்விட்டார். டாக்டர் அங்கிளை அழுத்தச் சொல்லிவிட்டு, ஹார்னின் உடம்புக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். திரும்பும் வழி நன்றாக இருந்தால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். அது மேலே ஏறியது. கரண்ட் ஹார்ன் வரை வந்துவிட்டு, வீட்டுக்குத் திரும்ப வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

காரணம், அந்த முகம் பார்க்கிற பெயின்ட். வண்டியைப் புதுப்பித்தவர்கள் ஹார்னைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டை, அது உட்காரும் இடம் என்று எல்லாவற்றுக்கும் பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட்டில் கரண்ட் போகாது. புது ஹார்ன் மாட்டும்போதெல்லாம் போல்ட் கொஞ்சம் கீறி வழிவிட்டிருக்கும், நாளானதும் அந்த வழியும் அடைந்திருக்கும். பாவம், நல்ல ஹார்ன் இரண்டைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். பட்டையின் பெயின்ட்டைக் கெடுக்காமல், வண்டியின் சட்டத்தில் ஒரு இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, ஹார்னிலிருந்து அங்கே கறுப்பு எர்த் வயர் ஒன்றைத் தனியாக இழுத்து போல்ட்டில் மாட்டினேன்.

இப்போது அழுத்தியதும் ஹெக்டர் கையிலிருந்த காபியைச் சிந்திவிட்டான். அதுதான் நான் எதிர்பார்த்த சத்தம்.

சாவியைக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொன்னேன். “அங்கிள், இனிமே சந்தனம் கண்ணாடில வைங்க. ஸ்டியரிங்ல வேண்டாம்.”

“சாமி குத்தமாயிராதே?”

“சாமிக்கு ஹார்ன் கேக்கணுமில்லீங்களா?”

சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை. ஊர்வலத் திடலின் கேட்டுக்கு வெளியே கார்கள் நீளமாக வரிசையில் நின்றன. முதலாளி வந்திருந்தார், நானும் போயிருந்தேன். அம்பாசடரில் டாக்டர் அங்கிள் வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் பட்டுப்புடவையில் ஆன்ட்டி. கேட்டில் பெரிய தொப்பி வைத்த தன்னார்வலர் ஒருவர் பிரேக்கைப் பார்த்தார், சரி. விளக்கைப் பார்த்தார், சரி. ஹார்ன் என்றார்.

டாக்டர் அங்கிள் அழுத்தினார். சத்தமே இல்லை.

இன்னொரு தடவை அழுத்தினார். அப்போதும் இல்லை. தொப்பிக்காரர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்து, ஓரமாக நிறுத்துங்கள், வரிசை முடிவதற்குள் சரியானால் வாருங்கள் என்றார். பின்னால் மிஞ்சியிருந்தவை சில கார்கள்தாம்.

“என்னம்மிணி இப்படி ஆயிப்போச்சு!” என்று அங்கிள் இறங்கினார். அவர் குரலில் கோபமில்லை. நேற்று பார்த்த தெளிவுதான் போயிருந்தது. அது எனக்குக் கோபத்தைவிட அதிகமாக வலித்தது.

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். “பட்டனைத் திரும்பக் கழட்டிப் பாரும்” என்றார் முதலாளி. “ஃபியூஸா இருக்கும்” என்றார் அங்கிள். எங்களுக்குப் பின்னால் இருந்த பழைய பிக்கப் வண்டிக்காரர், தன்னிடம் அமுக்குகிற ரப்பர் ஹார்ன் ஒன்று இருக்கிறது, கயிற்றில் கட்டிக்கொள்ளுங்கள், கேட்டில் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றார். “அதையே மாட்டிரலாமே” என்று அங்கிள் கையை நீட்டிவிட்டார்.

எனக்கும் ஒரு நொடி ஆசை வந்தது. கேட்டைத் தாண்டினால் போதும் என்றுதான் முதலாளி சொன்னார். எந்த ஹார்னோடு என்று சொல்லவில்லை. ஆனால் அப்படி வாங்கிய பேயில் உட்கார்ந்து நான் எந்த வயரைத் தொட்டாலும் அந்த ரப்பர் ஹார்ன்தான் காதில் அடிக்கும்.

“வேண்டாங்க” என்றேன். கருவியைத் தொடாமல் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். இதை நான் இன்றும் செய்கிறேன். பதறும்போது கை முதலில் ஓடும், புத்தி பின்னால் வரும். கையைக் கட்டிவிட்டால் புத்தி முன்னால் வர வேறு வழியில்லை.

பிக்கப்காரரை இன்ஜினை அணைக்கச் சொல்லிக் கேட்டேன். அமைதியானது. “அங்கிள், ஒருக்கா அழுத்துங்க.”

டிக்.

“இன்னொருக்கா.”

டிக்.

ரிலே பேசியது. அப்படியென்றால் பட்டன் நன்றாக இருக்கிறது, ஃபியூஸ் இருக்கிறது, சந்தனத்தின் மேல் பழி இல்லை. கோளாறு வண்டியின் முன்பக்கம், ஹார்ன் இருக்கும் இடத்தில்தான். நேற்று நன்றாக இருந்தது இன்று எப்படிக் கெட்டது?

“நேத்து வீட்டுக்குப் போயி அடிச்சீங்களா?”

“அடிக்காம? தெருவே திரும்பிப் பாத்துச்சு.”

“காலைல?”

“காலைல அடிக்கல.”

“நடுவுல வண்டிய என்ன பண்ணீங்க?”

“ஒண்ணுமே பண்ணலம்மிணி. சத்தியமா. நீ சொன்ன மாதிரி சந்தனத்தக் கண்ணாடிலதான் வெச்சேன். எலுமிச்சம்பழத்து மேல ஏத்துனேன், வந்தேன்.”

பின்சீட்டிலிருந்து ஆன்ட்டி தலையை நீட்டினார். “ஏனுங்க, ஒண்ணும் பண்ணலையா? அப்ப அந்த மாலைய யாரு கட்டுனது?”

நான் வண்டியின் முன்னால் போய் நின்றேன். முகப்புக் கிரில் முழுவதும் பெரிய சாமந்தி மாலை. ஆஸ்டினில் சொல்லி வைத்து வாங்கியதாம். காலையிலிருந்து எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், படம்கூட எடுத்துக்கொண்டோம்.

“இதோட நாரை எங்க கட்டுனீங்க அங்கிள்?”

“பானெட்டத் தொறந்து உள்ளாற கட்டுனேன். வெளிய முடிச்சு தெரிஞ்சா நல்லாருக்காதுன்னு. அங்க வாகா ஒரு கறுப்பு வயரு இருந்துச்சு...”

சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆன்ட்டி நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஊரு சனத்துக்கெல்லாம் பல்லுக்குக் கம்பி கட்டுனவரு. கட்டறதுக்கு ஒரு எடம் தெரியல.”

பானெட்டைத் தூக்கினேன். நான் இழுத்த எர்த் வயரில் அழகாக ஒரு முடிச்சு. பல் டாக்டர் முடிச்சு, எளிதில் அவிழவில்லை. வண்டி ஓட ஓட மாலையின் கனம் வயரை இழுத்து, போல்ட்டிலிருந்து அதன் முனையை உருவிவிட்டிருந்தது. முடிச்சை அறுத்தேன். முனையைத் திரும்ப மாட்டி, இந்தத் தடவை போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கினேன். வயரைச் சட்டத்துக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் வாகாகத் தெரியாத இடத்தில் ஒதுக்கினேன். மாலையை பம்பரில் கட்டினேன். அன்றிலிருந்து நம்மவர்கள் வண்டி எது வந்தாலும், வயர் இழுக்கும்போது, இதில் மாலை கட்ட முடியுமா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

கேட்டில் கடைசிக் கார் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அம்பாசடர் அதன் பின்னால் போய் நின்றது. தொப்பிக்காரர் ஜன்னலில் குனிந்து, ஹார்ன் என்றார்.

டாக்டர் அங்கிள் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

தொப்பிக்காரர் இரண்டடி பின்னால் துள்ளினார். திடலில் எல்லாரும் திரும்பினார்கள். யாரோ கை தட்டினார்கள், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். தொப்பிக்காரர் ஸ்டிக்கரை ஒட்டுவதற்குள் அங்கிள் இன்னும் இரண்டு தடவை அடித்துவிட்டார். முன்பே உள்ளே போயிருந்த பிக்கப்காரர் வண்டியிலிருந்து இறங்கி வந்து கை குலுக்கினார். அங்கிள் அவரிடம் என்னைக் காட்டி, மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

“திஸ் இஸ் மை மெக்கானிக்.”

அம்பாசடர் மாலையோடு உள்ளே போனது. ஊர்வலம் முடியும்வரை அந்த ஹார்ன் ஓயவே இல்லை. வேண்டுமென்றே அடிக்கிறார் என்று தெரிந்தும் யாரும் தடுக்கவில்லை. முதலாளி என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“பிள்ளை.”

“சார்.”

“நேற்று நான் கொண்டு போகட்டும் எண்டு சொல்லேக்க, நீர் விடேல்ல. அதுக்குத்தான் அந்த பே. இண்டைக்குக் கேட்டைத் தாண்டினதுக்கில்ல. திங்கள் காலமை உம்மட சாமானெல்லாத்தையும் அங்க கொண்டு போம்.”

அன்று இரவு அங்கிள் தன் ஃபோனில் எடுத்த வீடியோவை அனுப்பினார். அதை அப்பாவுக்கு அனுப்பினேன். அவருக்குப் படிக்க வராது என்பதால் எப்போதும் எழுத மாட்டேன், குரலில்தான் பேசி அனுப்புவேன். அன்று அதுவும் தேவைப்படவில்லை. அவரே கூப்பிட்டார். பின்னால் பட்டறை இரைச்சல்.

“சாமி, அது நீ கட்டுன ஹார்னா?”

“ஆமாப்பா.”

“இன்னொருக்கா போட்டுக் காட்டு. இங்க எல்லாரும் நிக்கறாங்க.”

போட்டேன். அந்தப் பக்கம் சுத்தியல் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. கேட்டு முடித்ததும் அப்பா யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது: “எம்புள்ள. படிச்ச புள்ள.”

அந்த பேயில் உட்கார்ந்து நான் பார்த்த வண்டிகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: ஒரு கோளாறைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அடுத்த கோளாறைத் தப்பவிடாதீர்கள். எல்லாரும் போதும் என்னும்போது உங்கள் காது போதாது என்றால் காதை நம்புங்கள். நன்றாக இருந்த வண்டி கெட்டுப்போனால், நடுவில் யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஒன்றுமே செய்யவில்லை என்பவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள். பின்சீட்டில் இருப்பவரிடமும் கேளுங்கள்.

போன மாதம் முதலாளியின் பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு ஷெட்டை எடுத்தேன். பழைய கார்களின் வயரிங் மட்டும்தான் பார்ப்பேன். முதலாளி எனக்கு வராத வேலையைத் தன்னிடம் அனுப்பச் சொன்னார். அவருக்கு வராத வேலையை எனக்கு அனுப்பச் சொன்னேன். சிரித்தார். சுவரோரமாக ஹெக்டர் மேஜை அடித்துக் கொடுத்திருக்கிறான். பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது. இன்னும் பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோது நேற்று முதல் ஃபோன் வந்தது. பெரியவர் ஒருவர் குரல். டாக்டர் சொன்னாராம். அவரிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறதாம், திரும்பும்போதெல்லாம் ஹார்ன் தானாக அடிக்கிறதாம்.

“மெக்கானிக் இருக்காராம்மா? அவர்கிட்ட கொஞ்சம் பேசணும்.”

“பேசிட்டுத்தானுங்க இருக்கீங்க. வண்டிய நாளைக்குக் கொண்டு வாங்க” என்றேன்.